பவளத் தொட்டியின் சுண்ணாம்புக் கணக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தொட்டிக்குக் கீழே ஓடும் பம்ப் வழக்கமில்லாத ஒரு சத்தம் போட்டது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே சுழலும் காந்தத் தண்டு முழுக்க வெள்ளைப் படிவு. சுரண்டினால் நகம்தான் தேய்ந்தது. ஒரு கிண்ணத்தில் வினிகரை ஊற்றித் தண்டை அதற்குள் போட்டேன். சுர்ரென்று நுரை கிளம்பியது. சின்ன வயதில் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக் கரையில் பொறுக்கிவந்த கிளிஞ்சலின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து வேடிக்கை பார்ப்போம். அதே நுரை, அதே சத்தம்.

பொருளும் அதேதான். கிளிஞ்சல், பவளப்பாறை, என் பம்பில் படிந்த கல் மூன்றுமே கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் நீற்றிய சுண்ணாம்பு. அதைச் சுவரில் பூசிவிட்டால், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் கல்லாகும். புதுச்சேரியின் பழைய வீட்டுச் சுவர்களில் கை வைத்தால் இன்றும் வழவழவென்று இருப்பதற்கு அந்தப் பூச்சுதான் காரணம். காளவாய் நெருப்பை வைத்துப் பிரிப்பதை, பவளம் 26 டிகிரித் தண்ணீருக்குள் இருந்துகொண்டு சேர்க்கிறது.

பம்பில் படிந்திருந்த கல், நான் எடை போட்டு, கரைத்து, மில்லி மில்லியாகத் தொட்டிக்கு விட்ட சரக்கு. பாறையில் சேர வேண்டியது பம்பில் சேர்ந்திருந்தது. பவளத் தொட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் இது நடக்கிறது. காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். தண்ணீரில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது, பிஎச் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம். ஒரு நாளில் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதில்லை. டோசிங் என்பது குறைந்ததைத் திருப்பிக் கொடுப்பது. குறைந்தது எவ்வளவு என்று தெரியாமல் கொடுக்கத் தொடங்கினால், எவ்வளவு விலை உயர்ந்த பம்ப் வாங்கினாலும் தொட்டி தடுமாறும்.

தொட்டியில் என்ன இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கு அதைப் பொறுத்தது. கல்லாகக் கூடு கட்டும் வன்பவளங்கள் 2001 முதல், 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் லாரியில் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு இன்று கடலுக்குள். அதனால் அந்தக் கடலிலிருந்து ஒரு துண்டுகூட என் வீட்டுக்கு வரவில்லை. என்னிடம் இருப்பது பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள் (கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியது), செயற்கைப் பாறை, சில மென்பவளங்கள், பாறையெங்கும் இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணாம்புப் பாசி, பிறகு ஹாலிமேடா. ஹாலிமேடா ஒரு பச்சைப் பாசி. காலணாக்களைக் கோத்த மாதிரி வில்லை வில்லையாக வளரும். ஒரு வில்லையைக் கிள்ளி விரலில் நசுக்கினால் நறநறவென்று இருக்கும், அவ்வளவும் சுண்ணாம்பு. வன்பவளம் இல்லாத தொட்டியில் டோசிங் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த வில்லையைத்தான் காட்டுவேன்.

இனி தண்ணீருக்குள் நடப்பதைப் பார்ப்போம். நல்ல கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. அதில் கால்சியம் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு), மக்னீசியம் சுமார் 1,300 பிபிஎம், ஆல்கலினிட்டி ஏறக்குறைய 7 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). இந்த மூன்றாவதைத் தமிழ்ப் பாடநூல் காரத்தன்மை என்று சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் பிஎச் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. அதனால் நான் ஆல்கலினிட்டி என்றே எழுதுகிறேன், பேச்சில் கேஎச். ஒரு தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதன் அளவு அது. கடல்நீரில் அந்தத் தாங்கும் சக்தியில் பெரும்பகுதி பைகார்பனேட்டும் கார்பனேட்டும்தான். கல் கட்டும் உயிர்கள் அதையும் கால்சியத்தையும் சேர்த்தே எடுக்கின்றன.

சேர்த்து எடுக்கும்போது விகிதம் மாறாது. ஆல்கலினிட்டியில் 1 டிகேஎச் போனால் கால்சியத்தில் சுமார் 7 பிபிஎம் போகும். வேதியியல் அளவில் இரண்டும் சரிக்குச் சரி. ஆனால் இருப்பு சரிக்குச் சரி இல்லை. ஒரு வீட்டில் அரிசி இருபது படியும் உளுந்து இரண்டரைப் படியும் இருக்கிறது, தினமும் இரண்டிலிருந்தும் கால்படி கால்படியாக எடுக்கிறார்கள் என்று வையுங்கள். பத்தாம் நாள் உளுந்துப் பானை காலி. அரிசிப் பானையில் எடுத்த அடையாளமே தெரியாது. கடல்நீரில் கால்சியத்துக்கும் ஆல்கலினிட்டிக்கும் ஏறத்தாழ இதே விகிதம்தான். 1.4 டிகேஎச் குறைந்தால் ஆல்கலினிட்டியில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது என்று அர்த்தம். அதே நேரத்தில் கால்சியம் குறைந்திருப்பது வெறும் 10 பிபிஎம்; நம் கையிலிருக்கும் சொட்டு டெஸ்ட் கிட்டின் பிழைக்குள்ளேயே அது மறைந்துவிடும். ஆகவே தினமும் அளக்க வேண்டியது ஆல்கலினிட்டி ஒன்றுதான். கால்சியத்தை வாரம் ஒருமுறை, மக்னீசியத்தை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

மக்னீசியத்தின் வேலை தனி. கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் கரையும் அளவைத் தாண்டியே இருக்கின்றன. சும்மா விட்டால் சேர்ந்து கல்லாக விழ வேண்டியவை. விழாமல் தடுப்பதில் மக்னீசியத்துக்குப் பெரிய பங்கு. புதிதாக உருவாகும் படிகத்தின் முகத்தில் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு மேலே வளர விடாமல் செய்கிறது. கால்சியம் ஏற மாட்டேன் என்கிறது, கேஎச்சும் நிற்கவில்லை, எதை ஊற்றினாலும் தண்ணீர் பால் மாதிரி ஆகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது மக்னீசியம் எவ்வளவு என்பதைத்தான். 1,100-க்குக் கீழே இறங்கியிருந்தால் அதை ஏற்றும்வரை மற்ற இரண்டோடும் மல்லுக்கட்டிப் பயனில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். என்னைவிட நன்றாகத் தொட்டி வைப்பவன், ஆனால் குரலில் சோர்வு.

"அண்ணே, கேஎச் எறங்குதேன்னு கேஎச் சரக்கு, கால்சியம் சரக்கு ரெண்டையும் சமமாத்தான் வுடுறேன். இப்ப கேஎச் அப்பிடியே நிக்குது, ஆனா கால்சியம் மட்டும் ஏறிக்கிட்டே போவுது. 450-ல ஆரம்பிச்சேன், இப்ப 480-க்கு மேல."

"தண்ணி மாத்தி எவ்ளோ நாளாச்சு தம்பி?"

"நாலு மாசம் இருக்கும்ணே."

"நைட்ரேட்டு பாத்தியா?"

பார்த்தான். 100-ஐத் தாண்டியிருந்தது. விஷயம் அங்கே இருந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் ஆல்கலினிட்டியைத் தின்கிறது. நைட்ரேட் 50 பிபிஎம் சேர்ந்தால் சுமார் 2.3 டிகேஎச் போகும். அவன் தொட்டியில் நான்கு மாதத்தில் ஏறக்குறைய 4.6 டிகேஎச் அப்படித்தான் போயிருக்கிறது. கல் எதுவும் வளரவில்லை, கால்சியம் செலவாகவில்லை. ஆனால் அவன் இரண்டையும் சமமாகவே விட்டுக்கொண்டிருந்தான். 4.6 டிகேஎச்சுக்கு ஜோடியாக அவன் விட்ட கால்சியம் 33 பிபிஎம்; அவன் கிட்டில் ஏறிய கணக்கும் அதுதான். வாரா வாரம் தண்ணீரை மாற்று, சோறு போடுவதைக் குறை, இரண்டு சரக்கையும் நிறுத்து என்றேன். மென்பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் பலருக்கு இதுவே போதுமான வைத்தியம். அவர்களுக்கு டோசிங் பம்ப் தேவையில்லை என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

இரண்டும் 1-க்கு 7 என்ற விகிதத்தில் சேர்ந்து குறைந்தால் தொட்டியில் கல் வளர்கிறது. கேஎச் மட்டும் குறைந்தால் நைட்ரேட்டைப் பாருங்கள். இரண்டும் குறைகின்றன, ஆனால் பாறையில் ஒன்றும் வளரவில்லை என்றால், பம்பையும் ஹீட்டரையும் கழற்றிப் பாருங்கள்.

பிஎச் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் ஆரம்ப வருடத்தில் என்னை அலைக்கழித்தது அதுதான். கத்திரி வெயிலில் தொட்டி இருக்கும் அறையை மூடி ஏசி போட்டு, நான்கு பேர் அங்கேயே படுத்தோம். காலையில் பிஎச் 7.8. கடல் 8.1, 8.2 என்று படித்திருந்ததால் பயந்து, கடையில் சொன்னபடி ஆல்கலினிட்டியை ஏற்றும் பஃபர் பொடி போட்டேன். மத்தியானம் 8.2. மறுநாள் காலை மறுபடியும் 7.8. மறுபடியும் பொடி. பத்து நாளில் ஆல்கலினிட்டி 13-க்குப் போய்விட்டது. ஒரு சாயங்காலம் தண்ணீருக்குள் வெள்ளையாகத் தூவானம் போல விழ ஆரம்பித்து, கண்ணாடி முழுக்கப் படிந்தது. மென்பவளங்கள் ஒரு வாரம் விரியவில்லை.

நடந்தது இதுதான்: பிஎச்சைத் தீர்மானிப்பது இரண்டு. ஒன்று ஆல்கலினிட்டி, மற்றது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. வெளிக்காற்றில் அந்த வாயு சுமார் 420 பிபிஎம். மூடிய அறையில் நான்கு பேர் மூச்சுவிட்டால் 1,000-ஐச் சுலபமாகத் தாண்டும். 7 டிகேஎச் தண்ணீர் அந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்தால் பிஎச் 7.9 பக்கம் இறங்கத்தான் செய்யும். தண்ணீரில் குறை எதுவும் இல்லை, அறையில்தான் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. தொட்டித் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்து, பிஎச் பார்த்துவிட்டு, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் சின்ன ஏர் பம்பால் குமிழிவிட வேண்டும். திரும்ப அளந்தால் எனக்கு 7.8 என்பது 8.15 ஆகியிருந்தது. ஜன்னலைத் திறந்தேன், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் காற்று இழுக்கும் குழாயை ஜன்னல் வழியாக வெளியே நீட்டினேன். பொடி டப்பாவை அதன்பிறகு திறக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு இரண்டு கண்ணிகள் உண்டு. வீட்டு போர்வெல் தண்ணீரை அப்படியே உபயோகிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆர்ஓ இருக்கிறதே என்று சமையலறைக் குழாயைத் திருப்பிவிடுகிறோம். குடிப்பதற்காகச் செய்த ஆர்ஓ, ருசிக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலக்கிறது. பல மாடல்களில் உடம்புக்கு நல்லது என்று செம்பும் சேர்க்கிறார்கள். மனிதனுக்கு நல்லதாக இருக்கலாம். இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம், மிகச் சிறிய அளவிலேயே. தொட்டிக்குத் தனி ஆர்ஓ வேண்டும், அதன் கடைசியில் மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ பிசின் வேண்டும், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும்.

இரண்டாவது கண்ணி கடல். வாசலில் வங்காள விரிகுடாவை வைத்துக்கொண்டு உப்பு எதற்கு வாங்குவது என்ற கேள்வி நியாயமானது. சித்திரை, வைகாசியில் படகுக்காரர்கள் கரையை விட்டுத் தள்ளிப்போய்க் கேனில் அள்ளிக் கொடுக்கும் தண்ணீர் பெரும்பாலும் 34, 35 பங்கு உப்போடு அருமையாக இருக்கும். இருட்டில் இரண்டு வாரம் மூடிவைத்து, தெளிந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் மழை வெள்ளத்தைக் கொட்டுகின்றன. அதே பருவத்தில் கடலின் நீரோட்டமும் திரும்பி, வடக்கு வங்கக்கடலின் உப்புக் குறைந்த தண்ணீரைக் கரையோரமாகத் தெற்கே கொண்டுவருகிறது. உப்பு 28-க்கு இறங்கினால் கால்சியம் சுமார் 330-க்கும் மக்னீசியம் 1,040-க்கும் இறங்கிவிடும். கேஎச் மட்டும் அவ்வளவு குறையாது, ஆற்றுத் தண்ணீர் தன் பங்குக்கு பைகார்பனேட்டைக் கொண்டுவந்திருக்கும். கேஎச்சை மட்டும் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று ஏமாறுவது இந்த மாதங்களில்தான். முகத்துவாரம், துறைமுகம், தொழிற்பேட்டை இவற்றின் பக்கம் எந்த மாதத்திலும் அள்ள வேண்டாம்.

உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரில் 0-க்குத் திருப்பிவிட்டு நம்புகிறவர்கள் நிறைய. 0-வில் சரியாக இருக்கும் கருவி 35-ல் தவறலாம். 36.5 கிராம் அயோடின் சேர்க்காத உப்பை 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால், அந்தக் கருவியின் கண்ணுக்கு அது 35 பங்கு கடல்நீராகத் தெரியும். அதை வைத்துத் திருப்புங்கள். இதேபோல கேஎச் கிட்டையும் வீட்டிலேயே சோதிக்கலாம்: 10 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 2.5 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்தால் 8.3 டிகேஎச். உங்கள் கிட் 9.5 காட்டினால், பிரச்சினை கிட்டில் இருக்கிறது.

இப்போது செலவைக் கணக்கெடுப்போம். என் தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 255 லிட்டர். பாறையும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்து, கீழே இருக்கும் துணைத் தொட்டியான சம்பையும் சேர்த்தால் 230 லிட்டர். எந்தச் சரக்கும் விடாமல் மூன்று நாள், தினமும் ராத்திரி 8 மணிக்கு, அதே விளக்கின் கீழ், நான் மட்டுமே அளந்தேன். சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குப்பியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீலம் மங்கும், ஒரு கணம் சாம்பல் நிறமாகத் தயங்கும், அடுத்த சொட்டில் இளஞ்சிவப்பாகும். அந்தத் தயக்கத்தில் நிறுத்துபவரும் அடுத்த சொட்டில் நிறுத்துபவரும் வேறு வேறு எண் எழுதுவார்கள். ஆகவே ஒரே ஆள் அளப்பது முக்கியம். முதல் நாள் 8.4, மூன்று நாள் கழித்து 7.2. தினம் 0.4 டிகேஎச்.

கரைசல் செய்வதற்கு நான் பின்பற்றும் அளவு எளிது. ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 84 கிராம் ஆப்ப சோடா. இன்னொரு லிட்டரில் 73.5 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சரியான ஜோடி. எத்தனை மில்லி இதில் விடுகிறோமோ அத்தனை மில்லி அதிலும் விட்டால் 1-க்கு 7 விகிதம் தானாகவே வந்துவிடும். 230 லிட்டரில் 0.4 டிகேஎச் ஏற்ற நாளைக்கு 33 மில்லி. கால்சியத்திலும் 33 மில்லி; அது ஏற்றுவது 2.9 பிபிஎம். மக்னீசியம் குறையும் மாதங்களில் மட்டும் மக்னீசியம் குளோரைடு தனியாக.

சோடாவை அப்படியே விட்டால் பிஎச் லேசாக இறங்கும். ஏற்ற வேண்டுமென்றால் முதலில் வறுக்க வேண்டும்: ஓவனில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம். கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் போய்ச் சலவைச் சோடாவாக மாறும். சரியாக மாறியதா என்பதைத் தராசே சொல்லும்: 84 கிராம் போனால் 53 கிராம் வர வேண்டும். அதை ஒரு லிட்டரில் கரைத்தால் பலம் அதேதான். ஆப்ப சோடா என்று கேட்டு பேக்கிங் பவுடரை வாங்கிவந்துவிடாதீர்கள். அதில் அமிலப் பொடியும் மாவும் கலந்திருக்கும்.

கால்சியம் குளோரைடோடு இங்கே வேறு தொல்லை. நம் ஊர்க் காற்றின் ஈரத்தை அது குடிக்கும். டப்பாவை மூடாமல் ஒரு ராத்திரி விட்டேன். காலையில் மேலே இருந்த குருணை எல்லாம் கூழாகக் கிடந்தது. ஈரம் குடித்த குருணையை எடை போட்டால் பாதித் தண்ணீரைத்தான் எடை போடுகிறோம். வாங்கிய அன்றே முழுவதையும் கரைத்துப் பாட்டிலில் அடைத்துவிடுவது என் வழக்கம். நீரற்ற வகையாக இருந்தால் கரையும்போது பாட்டில் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும். தண்ணீரில் குருணையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அந்த வகைக்கு 73.5 கிராமுக்குப் பதிலாக 55.5 கிராம்.

டோசிங் பம்ப் பெரிஸ்டால்டிக் வகை. ஒரு ரப்பர் குழாயை உருளைகள் அழுத்தி உருட்டிச் சரக்கைத் தள்ளும். எளிய கருவி, ஆனால் குழாய் தேயும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவுக் குடுவையில் 50 மில்லி விடச் சொல்லிப் பார்ப்பேன். ஒருமுறை 41 மில்லிதான் வந்தது. குழாயின் முனை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், மூழ்கியிருந்தால் பம்ப் நின்ற பிறகும் பாட்டில் தானாகவே தொட்டிக்குள் வடியலாம். சோடாவும் கால்சியமும் ஒன்றையொன்று சந்திக்கக் கூடாது: வேறு வேறு இடம், அரை மணி நேர இடைவெளி, இரண்டுமே தண்ணீர் வேகமாகப் புரளும் இடத்தில். தொட்டிக்குக் கீழே ஓடும் அந்தப் பம்பில் கல் படிந்த காரணமும் இதில்தான் இருந்தது. சம்பைக் கழுவியபோது சோடாக் குழாயின் முனை நகர்ந்து, பம்பின் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது. கலந்து நீர்க்கும் முன்பே அது சூடான பம்புக்குள் இழுக்கப்பட்டு, கால்சியத்தைக் கண்ட இடத்தில் கல்லானது. ஒரு சாண் தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது.

இந்த ஜோடி மிச்சம் வைக்கும் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. கால்சியமும் கார்பனேட்டும் கல்லாகிப் போன பிறகு, சோடியமும் குளோரைடும் தண்ணீரிலேயே தங்கிச் சாப்பாட்டு உப்பாகின்றன. இரண்டிலும் ஒவ்வொரு லிட்டர் செலவானால் 58 கிராம் உப்பு. எனக்கு மாதம் ஒரு லிட்டர் போகிறது. ஆவியாவதற்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு தண்ணீரை மாற்றாமலே இருந்தால் வருடத்தில் உப்பு 35-லிருந்து 38-க்குப் போய்விடும். தண்ணீர் மாற்றும்போது புதுக் கலவையின் கேஎச்சையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; சில உப்புப் பைகள் 8-லும் சில 11-லும் கரைகின்றன.

பழைய முறை ஒன்றை நான் இன்னும் விடவில்லை: சுண்ணாம்புத் தெளிவு. 1970-களில் பீட்டர் வில்கன்ஸ் ஐரோப்பாவில் பரப்பிய இந்த வழி நமக்கு அந்நியம் இல்லை. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுப்பது. ஒரு லிட்டருக்கு ஒன்றரை கிராம் சொச்சம்தான் கரையும், தண்ணீர் சூடாக இருந்தால் அதைவிடக் குறைவு. அந்த ஒரு லிட்டரில் கால்சியம் 800 பிபிஎம், ஆல்கலினிட்டி சுமார் 110 டிகேஎச், இரண்டும் சரியான ஜோடியாக. மிச்சம் வைக்கும் உப்பு கிடையாது, பிஎச்சையும் தூக்கும். மேலே மெல்லிய ஏடு படியும். திறந்துவைத்த வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவில் காய்ந்து வெடிக்கும் அதே ஏடுதான்: காற்றை வாங்கிக் கல்லாகியது. ஏடும் அடிவண்டலும் தொட்டிக்குப் போகக் கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பையே போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடை வாங்குங்கள்.

இதன் ஆபத்து வேகம். தெளிவின் பிஎச் 12.4. கத்திரி வெயிலில் விசிறி வைத்துக் குளிரவைக்கும்போது என் தொட்டியிலிருந்து நாளைக்கு 3 லிட்டருக்கும் மேல் ஆவியாகிறது. அவ்வளவையும் தெளிவாகவே ஊற்றினால் தேவையைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். எனக்குத் தேவை 0.8 லிட்டர்தான். அதை மற்ற ஆர்ஓ தண்ணீரோடு சேர்த்து, ராத்திரி முழுக்கச் சொட்டவிடுகிறேன். சுண்ணாம்பு விடும் மாதங்களில் சோடாவும் கால்சியம் குளோரைடும் நிறுத்தம்.

புயல் காலத்துக்கு வேறு ஏற்பாடு. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது என்னிடம் தொட்டி இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது இருந்தது. அப்போது நாளுக்குத் தேவையான 33 மில்லி சோடாவையும் நள்ளிரவில் ஒரே தடவையாக விடும்படி வைத்திருந்தேன். என் பம்பின் கடிகாரத்துக்குள் பேட்டரி இல்லை. மின்சாரம் போய் வந்தால் அதற்கு மணி 12. அந்த இரண்டு நாளில் மின்சாரம் ஆறு முறை வந்து போனது. ஒவ்வொரு முறையும் அது நள்ளிரவு என்று நினைத்து முழு டோஸையும் விட்டிருக்கிறது. 8 டிகேஎச் இருந்த தண்ணீர் 10.4-க்கு ஏறிவிட்டது. இன்று அதே 33 மில்லி, மணிக்கு ஒருமுறை 1.4 மில்லியாகப் பிரிந்திருக்கிறது. ஆறு தடவை தவறினாலும் பாசிக்குத் தெரியாது. பாட்டிலிலும் ஒரு வாரத்துக்கு மேல் நிரப்புவதில்லை.

ஏறியதை இறக்க நான் எதையும் ஊற்றவில்லை. விளக்கும் நீரோட்டமும் இல்லாத நாட்களில் கல் கட்டும் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். விட்டுப்போன கால்சியத்தைச் சேர்த்து ஊற்றி ஈடுகட்ட வேண்டும் என்று தோன்றும், அது தவறு. பேட்டரியில் ஓடும் ஏர் பம்பை மட்டும் விட்டுவைத்தேன். மின்சாரம் நிலைத்த பிறகு முதலில் வெப்பம், அடுத்து உப்பு, பிறகு கேஎச் என்று பார்த்து நோட்டில் எழுதினேன். டோசிங் பம்பின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். முதல் இரண்டு நாள் எண் அசையவே இல்லை. மூன்றாம் நாள் 10.1, பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. எட்டாம் நாள் ராத்திரி 8.2 வந்தது, ஹாலிமேடாவின் நுனியில் வெளிர்பச்சையில் புது வில்லை ஒன்று முளைத்திருந்தது. அன்றுதான் பிளக்கைச் செருகினேன்.